ஊறுகாயும் காய்தானே? முட்டையோடு வைத்து ஒரு கணக்கு

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில், வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து சாப்பாட்டு விஷயமாகப் பேசுவது என் வேலை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். தாத்தா காலத்தில் தோல் வேலைக்கு மும்பை வந்து இங்கேயே ஊன்றிவிட்ட குடும்பங்கள். மார்ச் மாதம் அப்படி ஒரு அக்கா வந்தார். வீட்டுக்காரர் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார், வயது ஐம்பத்திரண்டு, ரத்த அழுத்தம் இருப்பதாகப் புதிதாகத் தெரிந்திருக்கிறது.

"பிரஷர்னு சொன்னதும் முட்டைய நிப்பாட்டிட்டேம்மா. முட்டை சூடுல்லா, கொழுப்பு வேற. இப்ப அவுகளுக்குக் காலையில பழையதும் ஊறுகாயும், மத்தியானம் தயிர்சாதமும் ஊறுகாயும். ஊறுகாயும் காய்தானே?"

இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எண்ணெய், கொழுப்பு, சூடு என்று பயந்து முட்டையைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த இடத்துக்கு ஊறுகாய் வந்து உட்கார்ந்துவிடும். காயை வெட்டித்தானே போட்டோம், மஞ்சளும் வெந்தயமும் பெருங்காயமும் மருந்துதானே என்பது அவர்கள் நினைப்பு. அதனால் முட்டையையும் ஊறுகாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு உணவை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது என்பதும் அதிலேயே புரிந்துவிடும்.

முதலில் பெயரிலிருந்தே தொடங்கலாம். பள்ளிக்கூடத்தில் வினைத்தொகைக்கு உதாரணம் கேட்டால் சட்டென்று வாயில் வருவது ஊறுகாய்தான். ஊறின காய், ஊறுகிற காய், ஊறப்போகிற காய் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். எதில் ஊறுகிறது என்பதை மட்டும் அந்தச் சொல் சொல்லாது. அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டு மராத்திக்காரர்கள் இதையே லோண்ச்சே என்கிறார்கள். லோண் என்றால் உப்பு. நம் பெயரில் காய் நிற்கிறது, அவர்கள் பெயரில் உப்பு நிற்கிறது. ஜாடியில் இரண்டும் இருக்கின்றன. எது எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உப்பு இல்லாமல் ஊறுகாய் இல்லை. வெட்டிய மாங்காயில் உப்பைப் போட்டுப் பிசிறி வைத்தால் மறுநாள் அது தண்ணீர் விட்டு நிற்கிறதே, அதுதான் அதன் வேலை. காய்க்குள் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுக்கிறது. கெட்டுப்போக வைக்கும் பூசணத்துக்கும் கிருமிக்கும் வாழத் தண்ணீர் வேண்டும். அவ்வளவு உப்புக்கு நடுவில் அவற்றால் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்த முடியாது. மாங்காயின் புளிப்பு இரண்டாவது காவல். மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றைத் தடுக்கிறது. பிரிட்ஜ் இல்லாத காலத்தில் ஒரு வருஷத்துக்குக் காயைக் காப்பாற்றி வைக்க நம் வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்த வழி இது. எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் காய் கெடாமல் இருக்க எவ்வளவு உப்பு வேண்டுமோ, அவ்வளவும் நம் தட்டுக்கும் வந்து சேர்கிறது.

இப்போது அளவு. இரண்டு உணவுகளை ஒப்பிடும்போது பெரும்பாலும் 100 கிராமுக்கு 100 கிராம் என்றுதான் பட்டியலில் போடுவார்கள். பாட்டில் லேபிளிலும் அப்படித்தான் இருக்கும். அது ஒரு தொடக்கம் மட்டும்தான். யாரும் ஒரு வேளைக்கு 100 கிராம் ஊறுகாய் சாப்பிடுவதில்லை. முட்டையோ ஓடு நீக்கினால் சுமார் 50 கிராம், ஒன்றோ இரண்டோ சாப்பிடுவோம். ஆகவே 100 கிராமுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்த கையோடு, என் தட்டில் எவ்வளவு விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். கடைசியாக இன்னொன்றும் உண்டு: இது வந்ததால் தட்டிலிருந்து எது போயிற்று? அக்கா வீட்டு விஷயத்தில் சிக்கலே இந்த மூன்றாவதில்தான் இருந்தது.

அடுத்த வாரம் வரும்போது வீட்டு ஊறுகாயைக் கொஞ்சம் டப்பாவில் கொண்டு வாருங்கள், எடுத்துப் போடும் ஸ்பூனையும் கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டு வந்தார். மேஜையில் சமையலறைத் தராசை வைத்து, அதன் மேல் ஒரு சின்னத் தட்டை வைத்து, முள் பூஜ்யத்துக்கு வந்ததும், "அவர் தட்டில் வைக்கிற மாதிரியே வையுங்கள்" என்றேன். மாங்காய் மூன்று துண்டு, அதோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மசாலா. சிவந்த எண்ணெய் தட்டின் ஓரம் வரை மெல்லப் படர்ந்தது. தராசில் 22 கிராம். "இவ்வளவுதானே" என்றார் அக்கா. பார்வைக்குக் கொஞ்சமாகத்தான் இருந்தது.

அவர் ஊறுகாய் போடும் கணக்கைக் கேட்டு எழுதிக்கொண்டேன். மாங்காய் 1 கிலோ, கல்லுப்பு 200 கிராம், மிளகாய்த்தூள் 100 கிராம், வறுத்துப் பொடித்த கடுகும் வெந்தயமும் 50 கிராம், நல்லெண்ணெய் கால் லிட்டர். எண்ணெய் எடையில் சுமார் 230 கிராம் வரும். எல்லாம் சேர்ந்தால் 1,580 கிராம். அதில் உப்பு 200 என்றால் நூற்றுக்கு 12 கிராமுக்கு மேல். தட்டில் இருந்த 22 கிராம் ஊறுகாயில் உப்பு மட்டும் ஏறக்குறைய 2.8 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பு. மட்டமாக ஒரு டீஸ்பூன். அக்காவின் வீட்டுக்காரர் காலையிலும் மத்தியானமும் சாப்பிடும் ஊறுகாயிலேயே 5.6 கிராம் போய்விடுகிறது. ராத்திரிக் குழம்பு, தயிர்சாதத்தில் போட்ட உப்பு, பட்டறை வாசலில் டீயோடு சாப்பிடும் வடா பாவ், எதையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கடை ஊறுகாய் வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன உதவி. லேபிளில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். என் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டிலில் 100 கிராமுக்குச் சோடியம் 4,800 மி.கி. என்று இருக்கிறது. 2.5 ஆல் பெருக்கினால் 12,000 மி.கி., அதாவது 12 கிராம் உப்பு. அக்காவின் வீட்டு ஊறுகாயும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறது. வீட்டில் போட்டது என்பதால் உப்பு குறைந்துவிடாது.

சோடியத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? மாங்காயில் பார்த்த அதே விஷயம்தான், உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் சேரும். ரத்தத்தில் சோடியம் கூடினால் உடம்பு அதைச் சமன்செய்யத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாய் அதே குழாய், உள்ளே ஓடுவது கூடிவிடுகிறது, சுவரில் அழுத்தம் ஏறுகிறது. பல வருஷம் இப்படியே போனால் இதயமும் சிறுநீரகமும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பட்டறையில் வேர்த்துக் கொட்டுகிறதே, உப்பு வேண்டாமா என்று அக்கா கேட்டார். வேர்வையில் உப்பு போவது உண்மை. ஆனால் குழம்பிலும் ரசத்திலும் பொரியலிலும் நாம் போடும் உப்பே அதை ஈடுகட்டிவிடும். ரத்த அழுத்தம் இருப்பவர் அதற்கென்று ஊறுகாயைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சரி, முட்டைக்கு வருவோம். ஒரு முட்டையில் சோடியம் சுமார் 70 மி.கி. தராசில் இருந்த அந்த மூன்று துண்டு ஊறுகாயில் ஏறக்குறைய 1,100 மி.கி. பதினைந்து முட்டையில் இருக்கும் சோடியம், மூன்று துண்டு மாங்காயில். இதைச் சொன்னபோது அக்கா டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். அவரைப் பயமுறுத்திவிட்டோமோ என்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஊறுகாயை அவர் வீட்டைவிட்டே அனுப்ப வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு முட்டையில் ஏறக்குறைய 70 கலோரி இருக்கிறது. புரதம் 6 கிராம், கொழுப்பு 5 கிராம். 100 கிராமுக்கு என்று பார்த்தால் 140 கலோரிக்குக் கொஞ்சம் மேலே வரும். அக்காவின் ஊறுகாயிலும் 100 கிராமில் எண்ணெயே 14 கிராமுக்கு மேல், அதிலிருந்து மட்டும் 130 கலோரி வந்துவிடும். கலோரியை மட்டும் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரித்தான் தெரியும். அதனால்தான் கலோரியை மட்டும் வைத்து உணவை எடை போடக் கூடாது. அதே 100 கிராமில் முட்டையில் 12, 13 கிராம் புரதம். ஊறுகாயில் கடுகு, மிளகாய், மாங்காய் எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து 2 கிராம் அளவுக்குத்தான் வரும். ஒரு முட்டையின் புரதத்தை ஊறுகாயிலிருந்து பெற வேண்டுமென்றால் 300 கிராம் ஊறுகாய் வேண்டும். அதில் உப்பு 38 கிராம் இருக்கும். யாரும் அப்படிச் சாப்பிடப் போவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

புரதம் ஏன் இவ்வளவு முக்கியம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் வீதம் தினமும் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். வேகவைத்த சோறு 100 கிராமில் இரண்டரை கிராம்தான் இருக்கிறது. ஒரு வேளைக்கு 300 கிராம் வீதம் மூன்று வேளையும் சோறு சாப்பிட்டாலும் 22, 23 கிராமோடு நின்றுவிடும். தயிர் கொஞ்சம் கொண்டுவரும். இரண்டு வேளை ஊறுகாயிலிருந்தும் சேர்த்து வருவது ஒரு கிராம்கூட இல்லை. வயிறு நிறைந்துவிடும், தசைக்கு வேண்டியது வந்திருக்காது. ஐம்பது தாண்டியவர்களுக்குத் தசை தானாகவே கரையத் தொடங்கும் வயது என்பதால், பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் ஒருவருக்கு இந்தக் குறை நிச்சயம் தெரியும்.

அளவு மட்டுமல்ல, தரமும் உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அவற்றில் ஒன்பதை உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அரிசியில் லைசின் என்கிற ஒன்று குறைவு. முட்டையில் ஒன்பதும் நமக்கு வேண்டிய விகிதத்திலேயே இருக்கின்றன. சோற்றோடு முட்டை சேர்ந்தால் சோற்றின் குறை தீர்கிறது. பருப்பும் இதே உதவியைச் செய்யும், சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பு, தயிர், நிலக்கடலை, சுண்டல் என்று சேர்த்துக்கொண்டால் போதும். ஊறுகாயால் இது முடியாது.

அவித்த முட்டையை நூலால் இரண்டாக அறுத்து அந்த அக்காவிடம் காட்டினேன். வெள்ளை, நடுவே மஞ்சள். தாராவியில் ஜிம்முக்குப் போகும் பையன்கள் பலர் மஞ்சள் கருவை எடுத்து எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எறிவதில்தான் வைட்டமின் ஏ, டி எல்லாம் இருக்கின்றன. மூளைக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலின் அங்கேதான் இருக்கிறது. பி12-இன் பெரும்பகுதியும் அதில்தான். ஒரு நாளைக்கு வேண்டிய பி12-இல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஒரு முட்டையிலிருந்து கிடைத்துவிடும். செடிகொடிகளில் பி12 கிடையாது, ஆகவே மாங்காய், எலுமிச்சை எதில் போட்ட ஊறுகாயிலும் அதைத் தேட முடியாது. புரதத்திலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மஞ்சளில்தான் இருக்கிறது. தம்பிகளே, தயவுசெய்து அதை எறியாதீர்கள்.

கொழுப்பு பயம் எங்கிருந்து வந்தது என்றால், மஞ்சள் கருவில் கொலஸ்ட்ரால் உண்டு, ஒரு முட்டைக்கு 185 மி.கி. அளவில். முன்பு ஒரு நாளைக்கு 300 மி.கி.க்கு மேல் கூடாது என்று அமெரிக்க உணவு வழிகாட்டியில் ஒரு வரம்பு இருந்தது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டிலிருந்து வருவது அதை அதிகம் அசைப்பதில்லை. அதற்காக எண்ணிக்கையே இல்லாமல் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. உடல்நலத்தோடு இருப்பவருக்கு நாளுக்கு ஒன்று என்பது பயப்பட வேண்டிய அளவே அல்ல. சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்தால் அவரவர் மருத்துவரிடம் எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்வது நல்லது. அக்கா வீட்டுக்காரருக்கு மருத்துவர் முட்டையை நிறுத்தச் சொல்லவே இல்லை. உப்பைக் குறைக்கத்தான் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வருவதற்குள் எது எது என்பது மாறிவிட்டது.

சூடு என்பது வேறு கணக்கு. நம் பாட்டிகள் உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்து வைத்தது அவர்கள் அனுபவத்தில். முட்டை சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் தர்க்கம் பண்ணுவதில்லை. முட்டை ஒவ்வாமை உண்மையிலேயே சிலருக்கு உண்டு. ஆனால் ரத்த அழுத்தத்துக்கும் அந்தச் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. அப்படியே சூட்டுக் கணக்குப் பார்த்தாலும் மிளகாயும் கடுகும் போட்ட ஊறுகாய் அதில் குளிர்ச்சிப் பக்கம் வராது என்றேன். அக்கா யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பச்சை முட்டையை உடைத்து அப்படியே குடிப்பது பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம். வேகவைத்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேர்கிறது, பச்சையில் பாதிதான். கிருமி பயமும் உண்டு. நாட்டு முட்டை, வெள்ளை முட்டை சண்டையும் அவ்வளவு பெரிதல்ல. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, கருவின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது.

முட்டையிடம் இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். வைட்டமின் சி துளியும் இல்லை. நார்ச்சத்து இல்லை. சுண்ணாம்புச் சத்து நாம் தூக்கி எறியும் ஓட்டில்தான் அதிகம். இரும்புச் சத்து இருக்கிறது, ஆனால் மஞ்சள் கருவிலேயே இருக்கும் ஒரு புரதம் அதை இறுகப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது குறைவு. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்து இறக்கினால் வைட்டமின் சி வந்துவிடும், இரும்பும் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். மும்பைத் தெருவோரத்து அண்டா புர்ஜியில், அதாவது முட்டைப் பொடிமாஸில், இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. வெண்ணெயைக் குறைத்து வீட்டில் செய்தால் அருமையான சாப்பாடு.

இந்த இடத்தில் ஊறுகாய் உதவாதா, எலுமிச்சையும் மாங்காயும் வைட்டமின் சி உள்ளவைதானே என்று கேட்கலாம். பறித்த அன்று அது உண்மை. வெயிலில் காயவைத்து, சூடான எண்ணெய் ஊற்றி, மாதக்கணக்கில் ஜாடியில் வைத்தபின் அதில் பெரும்பகுதி போய்விடும். மிச்சமிருப்பதும் மூன்று துண்டில் எவ்வளவு வந்துவிடும்? நல்ல பாக்டீரியா கிடைக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரில் தானாகப் புளிக்கும் வகைகளுக்கு அது ஓரளவு பொருந்தும். மிளகாயும் எண்ணெயும் நிறையப் போட்ட நம் ஆவக்காய்க்கு அவ்வளவாகப் பொருந்தாது. அதற்குத் தயிரே போதும்.

ஆனாலும் ஊறுகாய்க்கு ஒரு வேலை இருக்கிறது, அதை முட்டையால் செய்ய முடியாது. காய்ச்சல் விட்ட மறுநாள் வாய் கசந்து கிடக்கும்போது, கஞ்சிக்கு ஒரு நார்த்தங்காய்த் துண்டு கிள்ளி வைத்தால்தான் நாலு வாய் உள்ளே போகும். நாக்கில் ருசி மங்கிப்போன வயதானவர்களைச் சாப்பிட வைப்பதும் அதுதான். நம் மொழியில் ஊறுகாயை யாரும் சாப்பிடுவதாகச் சொல்வதில்லை, தொட்டுக்கொள்வதாகத்தான் சொல்கிறோம். அந்தத் தொட்டுக்கொள்ளும் அளவுதான் சரியான அளவு. விரல் நுனியில் எடுத்தால் இரண்டு மூன்று கிராம், அதில் உப்பு அரை கிராமுக்குள் நின்றுவிடும். கூட்டு, பொரியல், குழம்பு எல்லாம் இருந்த தட்டில் அது ஓரத்தில் இருந்தது. வேறு ஒன்றும் இல்லாத தட்டில் அதையே பிசைந்து சாப்பிட ஆரம்பித்தபோதுதான் தொந்தரவு வந்தது. அது அக்காவின் தப்பில்லை. விடிகாலையில் தண்ணீர் பிடித்து, எட்டு மணிக்குள் டப்பா கட்டி அனுப்பும் வீட்டில் ஊறுகாய் எவ்வளவு பெரிய கைத்துணை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஏழெட்டு ரூபாய் முட்டையும் அடுப்பில் பத்து நிமிஷத்தில் வெந்துவிடுகிறது.

உப்பைக் குறைத்து ஊறுகாய் போடலாமா என்று கேட்டார். போடலாம், ஆனால் அதை வெளியே ஜாடியில் வைக்க முடியாது. காவலுக்கு நின்றதே அந்த உப்புதான். கால் பங்கு உப்போடு மாங்காயைப் பொடியாக நறுக்கி, மிளகாய்த்தூள், பெருங்காயம் போட்டுத் தாளித்து, பிரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும். கல்யாணப் பந்தியில் வைக்கும் மாங்காய் ஊறுகாய் மாதிரி.

ஏப்ரல் நடுவில் அவர் மறுபடி வந்தார். மத்தியான டப்பாவில் இரண்டு அவித்த முட்டை போகிறதாம், மிளகுப்பொடி தூவி, எலுமிச்சை பிழிந்து. ஊறுகாய் ஸ்பூனை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, காது குடையும் ஸ்பூன் மாதிரி ஒரு குட்டி ஸ்பூனை ஜாடியில் போட்டிருக்கிறாராம். "அவுக ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாக. இப்பப் பழகிட்டாக" என்றார். போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டார்: "மாதுங்காவுல மாவடு வந்திருக்கும்மா. வடுத் தண்ணிய மோர்சாதத்துல ஊத்திப் பிசைஞ்சா அவுகளுக்கு உசிரு. அதுவும் உப்புதானா?"

அதுதான் எல்லாவற்றிலும் அதிக உப்பு என்றேன். தலையாட்டிக்கொண்டே செருப்பை மாட்டினார். "அப்ப தண்ணிய வடிச்சிட்டு வடுவ மட்டும் வைக்கேன். ஒண்ணே ஒண்ணு."